மோகனூர் வட்டாரத்தில் கிறிஸ்தவப் பங்கு வாழ்வு

காவிரியின் வடகரையில், நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மோகனூர். கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த ஊர். கூட்டுறவு சர்க்கரை ஆலையால் வெளியூர்க்காரர்களுக்கும் பழக்கமான பெயர். அசலதீபேசுவரர் கோயிலும் நாவலடி கருப்பசாமி கோயிலும் ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் திரளும் கூட்டமும் இவ்வூரின் சமய வாழ்வுக்கு முகமாக நிற்கின்றன. இத்தகைய வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய தொகையினர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு; கன்னியாகுமரி மாவட்டத்தில் 46.85 விழுக்காடு, நாமக்கல் மாவட்டத்திலோ ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான்.

இந்தச் சிறுமையிலிருந்துதான் இங்குள்ள பங்கு வாழ்வைப் புரிந்துகொள்ள வேண்டும். குமரிக் கடற்கரையில் ஊரும் பங்கும் ஒன்று. கோயில் மணி அடித்தால் ஊரே எழும். நாமக்கல் சமவெளியில் பங்கு என்பது பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் வீடுகளின் தொகுப்பு. இந்தத் தெருவில் இரண்டு குடும்பம், அந்தக் காலனியில் பத்துக் குடும்பம், ஆலைக் குடியிருப்பில் மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் என்று எண்ணிச் சேர்க்க வேண்டும். பங்குத்தந்தை ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள கிளைப்பங்குகளுக்கு முறைவைத்துப் போவார். சில சிற்றூர்களில் மாதத்துக்கு ஒரு பூசை கிடைப்பதே அரிது. ஆகவே குரு வந்து நிற்கும் ஒரு மணி நேரத்தைவிட, அவர் இல்லாத நாட்களில் அந்த மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இவ்வட்டாரத் திருச்சபையின் உண்மையான வரலாறு.

திருச்சபை நிர்வாகத்தில் காவிரி ஓர் எல்லைக்கோடு. மோகனூர்க் கரை கத்தோலிக்க அமைப்பில் சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றுக்கு அப்பால் கரூர் நகரம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் வருகிறது. தென்னிந்தியத் திருச்சபையிலும் இதே பிரிவு உண்டு: நாமக்கல் பகுதி கோயம்புத்தூர் திருமண்டலத்தில், கரூர் திருச்சி–தஞ்சைத் திருமண்டலத்தில். பெண் கொடுத்தல், எடுத்தல், துக்கம் விசாரித்தல் எல்லாம் இரு கரைக்கும் இடையே நடந்துகொண்டிருக்க, ஆயரும் பேராயரும் மட்டும் கரைக்குக் கரை வேறுபடுகிறார்கள்.

இப்பகுதியில் கிறிஸ்தவத்தின் தொடக்கம் நானூறு ஆண்டுகளுக்கு முந்தியது. 1606இல் மதுரைக்கு வந்து தத்துவபோதகர் என்று பெயர் பெற்ற இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, 1623இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அங்கே ஆட்சி செய்தவர் இராமச்சந்திர நாயக்கர். அங்கிருந்து சேலம் சென்று பல இடையூறுகளுக்கிடையே தங்கினார். ஆளும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். சேலம் வட்டாரத்து மோரமங்கலம் மறைப்பணியின் இன்னொரு நிலையமாயிற்று. தெ நோபிலி உயர்குடியினரிடையே பணிசெய்ய, 1640 முதல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசுவாமிக் கோலத்தில் பிற மக்களிடையே பணியாற்றத் தொடங்கினார். சந்நியாசி, பண்டாரசுவாமி என்ற இந்த இரண்டு வகைக் குருக்களும் சேர்ந்தும்கூட விரல்விட்டு எண்ணக்கூடிய அளவினரே. மதுரை மிஷன் பரந்திருந்த நிலப்பரப்புக்கு அவர்கள் எந்த மூலைக்குப் போதும்?

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் உபதேசியார்கள். குரு ஓர் ஊருக்கு வருவதற்கு முன்பே போய், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களுக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்வித்தார்கள். குரு போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தார்கள். சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அடக்கம் செய்வித்தார்கள். வழக்கு வம்புகளைத் தீர்த்து வைத்தார்கள். 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வேதபோதக சபையார் பொறுப்பேற்றாலும் ஆள் பற்றாக்குறை நீடித்தது; மைசூர்ப் போர்களும் இவ்வட்டாரத்தை உலுக்கின. அந்தக் காலத்தில் விசுவாசம் அணையாமல் இருந்ததற்கு உபதேசியாரையும், மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொன்ன குடும்பங்களையும் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. 1930 மே மாதம் கும்பகோணம், புதுச்சேரி, மைசூர் மறைமாவட்டப் பகுதிகளைக் கொண்டு சேலம் மறைமாவட்டம் அமைந்தது. ஹென்றி புருனியே முதல் ஆயர். 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தபின் சேலம், நாமக்கல் ஆகிய இரு வருவாய் மாவட்டங்களும் சேலம் மறைமாவட்டத்தின் எல்லையாயின.

சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாறு இதற்குப் பிந்தியது. லண்டன் மிஷன் சங்கம் சேலத்தில் 1827இல் பணி தொடங்கியது. ஆற்றுக்குத் தெற்கே கரூரில் வெஸ்லியன் மிஷன் வேரூன்றியது. நாமக்கல், சேந்தமங்கலம் பகுதியில் ஊன்றி நின்றது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். அதன் சார்பில் 1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்ட், பிறகு மனைவி ஈவ்லினுடன் கொல்லிமலையில் குடியேறி மருத்துவம், பள்ளி, தொழில் பயிற்சி என்று உழைத்து, 1929இல் காய்ச்சலில் இறந்தார். மலைமக்களிடையே ஒரு சபை கூடப் பல ஆண்டுகள் பிடித்தன. 1918–19 கொள்ளைக் காய்ச்சலின்போது ஊரார் அஞ்சி ஒதுங்கிய ஒரு பூசாரிக் குடும்பத்துக்கு இந்தத் தம்பதி கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அருகிருந்தார்கள். இறக்கும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் பெண் குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குப் பின்னரே மலைமக்களின் மனம் திறந்தது. ஈவ்லின் முதுமையிலும் மலைமக்களிடையே பணியாற்றி, 1974இல் இறந்தார். இவர்களுடைய மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட். போதகம் செய்யாததை ஒரு கிண்ணம் கஞ்சி செய்தது என்பதை இவ்வட்டாரத்துச் சபைகள் இன்றும் நினைவுகூர வேண்டும்.

இனி வழிபாடு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டுச் சீர்திருத்த ஏட்டை வெளியிடும் வரையில் பூசை இலத்தீனில் நடந்தது. பீடத்தில் குரு மக்களுக்கு முதுகுகாட்டி நிற்க, மக்கள் தங்கள் பங்குக்குத் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். தமிழ்ப் பூசை வந்தபோது பாமர மக்களுக்கு முதன்முறையாக வாய் திறந்தது. 1969இல் இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று உரோமை அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களும் இதோடு சேர்ந்தன: தரையில் அமர்தல், காலணி கழற்றுதல், முழங்காலிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு, ஆரத்தி. சமவெளிக் கிராமத்தாருக்கு இவற்றில் பல புதியனவே அல்ல. செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, தலையில் முக்காடிட்டு, பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் மறுபக்கமும் தரையில் உட்காரும் பழக்கத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு திருப்பலியின் அமைப்பு எளிது. முதற்பாதி இறைவாக்கு வழிபாடு, பிற்பாதி நற்கருணை வழிபாடு. வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் அமைந்தவை. ஓராண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்து லூக்கா. வாரந்தோறும் வரும் விவசாயக் கூலிப் பெண் மூன்றாண்டுகளில் நற்செய்திகளின் பெரும்பகுதியைக் காதாரக் கேட்டுவிடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது சிறிய பேறன்று. கிளைப்பங்கில் குரு வராத ஞாயிறன்று, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பரிந்துரைப்பதுபோல, மக்கள் தாங்களே கூடி இறைவாக்கு வழிபாடு நடத்தலாம். ஆசிரியரோ, பட்டம் படித்த இளம்பெண்ணோ வாசகம் படிப்பார். பெரியவர் ஒருவர் மன்றாட்டைத் தொடங்கி வைப்பார். மன்றாட்டில் மழை வரும், ஆற்றுத் தண்ணீர் வரும், கரும்புப் பாக்கித்தொகை வரும், லாரியில் வடக்கே போயிருக்கும் மகனின் பாதுகாப்பு வரும். நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழிலும் கோழிப் பண்ணையும் பிழைப்பாகிவிட்டதால், வீட்டில் ஆண்துணை இல்லாத ஞாயிறுகள் இங்கே அதிகம்.

தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பிரசங்கமும் பாட்டும் முதுகெலும்பு. 1947 செப்டம்பர் 27இல் சபைகள் ஒன்றிணைந்து அத்திருச்சபை பிறந்தபின், 1950இல் அதற்கென்றே அமைக்கப்பட்ட திருவிருந்து முறைமை நடைமுறைக்கு வந்தது. கீர்த்தனைகளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் இன்றும் கிராமத்துச் சபைகளில் ராகம் தப்பாமல் ஒலிக்கின்றன. கருநாடக இசை கற்காத மக்கள், கேட்டுக் கேட்டே பாடம் செய்துகொண்ட ராகங்கள் அவை. இன்று கீபோர்டும் ரிதம் பேடும் வந்து தாளத்தை எடுத்துக்கொண்டன. அதனால் பெரியவர்கள் வாய்மூடி நிற்கும் சபைகளும் உண்டு. அது உண்மையான இழப்பு.

ஆண்டுச் சுற்றில் சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. வெள்ளிதோறும் பதினான்கு தலங்களில் சிலுவைப் பாதை. இக்காலத்தில் கலியாணம் வைப்பதில்லை. குருத்து ஞாயிறு, பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்கு, பெரிய வெள்ளி, பாஸ்கா இரவு என்று புனித வாரம் போகும். சீர்திருத்தச் சபைகளில் பெரிய வெள்ளி நண்பகல் முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும் கூட்டத்தில் கிறிஸ்தவரல்லாதவரும் சேர்ந்துகொள்வதைப் பார்க்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கிறிஸ்துமசுக்கு முன் இரவுகளில் வீடுவீடாகக் கீதபவனி. தைப்பொங்கலன்று கோயில் முற்றத்தில் புதுப்பானை வைத்துப் பொங்கி மந்திரிப்பது பல பங்குகளில் நிலைத்துவிட்டது.

பங்குத் திருவிழா தனிக்கதை. கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், நிறைநாளில் தேர்பவனி. தேர் போகும் தெருவில் கிறிஸ்தவ வீடு நான்கு இருந்தால் மற்ற வீடுகள் நாற்பது. அவர்களும் வாசல் தெளித்துக் கோலமிட்டு, மெழுகுவத்தியும் பூமாலையும் கொண்டுவந்து நீட்டுவார்கள்; குழந்தையைத் தேரின்மேல் தொட்டு எடுப்பார்கள். சிறுபான்மையினரின் திருவிழா ஊர்த் திருவிழாவாக நடப்பது அண்டைவீட்டாரின் நல்லெண்ணத்தால்தான். இந்த நல்லெண்ணம் தானாக முளைத்ததன்று. தலைமுறைகளாக இழவுக்கும் கலியாணத்துக்கும் போய்வந்து சம்பாதித்தது.

சீர்திருத்தச் சபைகளில் இதற்கு இணையானது அறுப்பின் பண்டிகை. அதை அருகிருந்து பார்த்தால் ஒரு சபையின் பொருளாதாரமே விளங்கும். அதிகாலையிலிருந்தே பொருள்கள் வந்து சேரும். ஒருவர் கரும்புக் கட்டைத் தோளில் சுமந்து வருகிறார். இன்னொருவர் பூவன் தார். ஒரு மூதாட்டி முந்தானையில் பொத்திக் கொண்டுவருவது ஆறு முட்டை. மஞ்சள் கிழங்கு, தேங்காய், நிலக்கடலை, காலைக் கட்டிய நாட்டுக்கோழி. எல்லாம் பீடத்தின் முன் அடுக்கப்படும். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். சந்தையில் விற்கும் விலைக்குமேல் ஏலம் ஏறும். கோழியின் விலை ஆட்டு விலையைத் தொடும். எடுத்தவர் சில சமயம் அதே பொருளைத் திரும்ப ஏலத்துக்கே விட்டுவிடுவார். அது மறுபடியும் விலைபோகும். மூதாட்டியின் ஆறு முட்டையும் இப்படித்தான் பெருந்தொகையாகிறது. கொடுத்தவர் முகத்தில் அப்போது தெரியும் பெருமிதத்தை எந்த வரவுசெலவுக் கணக்கிலும் எழுத முடியாது.

பணத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. ஞாயிறு காணிக்கை, ஆண்டுச் சந்தா, திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, பூசைக் கருத்துக்கு அளிக்கும் தொகை ஆகியவையே வருவாய். கத்தோலிக்கச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம். மேய்ப்புப்பணிப் பேரவை ஆயரின் முடிவைப் பொறுத்தது, அதன் கருத்து ஆலோசனையே. தென்னிந்தியத் திருச்சபையிலோ குருசேகரக் குழுவைச் சபையார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குரிமை மதிப்புடையது, தேர்தல் காலத்தில் சபை இரண்டுபட்டு வழக்குமன்றம் வரை போவது அதன் நோய். கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் படித்துக் காட்டும் பங்கில் சண்டை குறைவாக இருக்கிறது.

1990களில் தமிழகப் பங்குகளில் பரவிய அன்பியம் என்ற அமைப்பு, பழைய உபதேசியார் மரபின் புதுப்பிறவி என்று சொல்லத்தக்கது. 1990இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகள் பங்கைச் சிறுசமூகங்களின் கூட்டுறவாகக் கண்டன. இருபது முப்பது வீடுகள் ஓர் அன்பியம். மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் பாய் விரித்து, நாற்காலியில் திருவிவிலியத்தை வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நற்செய்திப் பகுதியை வாசித்து, மனத்தைத் தொட்ட சொல்லை மும்முறை திரும்பச் சொல்லி, மௌனமாக இருந்து, பிறகு பகிர்கிறார்கள். கடைசிப் படி செயல்: யார் வீட்டில் நோயாளி, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, யாருக்கு ரேஷன் அட்டை இல்லை. அடுத்த கூட்டத்தில் போன முறை முடிவெடுத்ததைக் கேட்பார்கள். செபத்தோடு முடித்துக்கொண்டு செயலை விட்டுவிடும் அன்பியங்கள் ஓரிரு ஆண்டில் டீ, பிஸ்கட் கூட்டங்களாகிக் கலைந்துவிடுகின்றன. வீட்டுக்கு வீடு போய் அழைத்து வருவது, பொறுப்பாளராக இருப்பது, இல்லாதவருக்கு அரிசி திரட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களே. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட 2021 வரை கத்தோலிக்கத் திருச்சபை காத்திருந்தது; தென்னிந்தியத் திருச்சபை 1976லேயே பெண்ணைக் குருவாக அருள்பொழிவு செய்தது.

பிறப்பு முதல் இறப்பு வரை பங்கு உடன்வருகிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம், ஏழெட்டு வயதில் புதுநன்மை, பிறகு உறுதிபூசுதல். கலியாணம் பேசி முடித்தால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். தடை அறிந்தவர் சொல்லலாம். மந்திரித்த தாலியைக் கட்டுவது இரு சபைகளிலும் வழக்கம். சாவு வீட்டில்தான் சிறிய பங்கின் பலம் முழுமையாகத் தெரிகிறது. தகவல் கிடைத்த ஒரு மணி நேரத்தில் செபமாலைக் குழு வந்து அமர்ந்துவிடும்; மரியாயின் சேனையார் இரவெல்லாம் செபிப்பார்கள்; வின்சென்ட் தே பவுல் சபை பெட்டிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். குழிவெட்ட ஆள் தேட வேண்டியதில்லை. கல்லறைக்கு இடம் கிடைப்பதுதான் சிக்கல். சிறுபான்மையாக வாழும் ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கான நிலம் பல சபைகளின் நீண்டநாள் கோரிக்கை.

சாதியைப் பேசாமல் இப்பொருளை முடிப்பது நேர்மையாகாது. சந்நியாசி, பண்டாரசுவாமி என்ற அந்தப் பழைய பிரிவு அன்றைய சமூகத்துக்குள் நுழையப் பயன்பட்டது. ஆனால் சாதியையும் கோயிலுக்குள் கொண்டுவந்தது. தனி வரிசை, தனிக் கல்லறை, தேர் நுழையாத தெரு ஆகியவை தமிழகப் பங்குகள் பலவற்றின் வரலாற்றில் உண்டு. கொங்குச் சமவெளிச் சபைகளில் அருந்ததியர், ஆதிதிராவிடர் குடும்பங்கள் கணிசமானவை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் அந்த உரிமை நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இந்தக் கேள்வியை ஆராய 2022இல் நடுவண் அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இவர்களுக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் கொடுக்க வேண்டியதைச் சட்டத்திடம் கேட்கும் திருச்சபை, தான் கொடுக்க வேண்டியதை யாரிடமும் கேட்காமலே கொடுக்கலாம். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஏடு வந்துவிட்டது, பங்குகளில் அது நடப்பாக வேண்டும்.

இவ்வளவு வாழ்வுக்கும் எழுத்துச் சான்று ஓரிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். குழந்தையின் பெயர், பெற்றோர், ஊர், ஞானத்தாய், ஞானத்தந்தை, கொடுத்தவர் கையொப்பம் என்று ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் வரலாறு அடங்கும். ஆயர்களின் பெயர்களும் வெளிநாட்டு மிஷனெரிகளின் பெயர்களும் நூல்களில் உள்ளன. குரு இல்லாத நாட்களில் சபையைத் தாங்கிய உபதேசியாரின் பெயரும், அவசர ஞானஸ்நானம் கொடுத்த மருத்துவச்சியின் பெயரும் இந்தப் பதிவேடுகளில் மட்டுமே கிடைக்கக்கூடியவை. இருட்டறை அலமாரியில் தாள் நொறுங்கிக்கொண்டிருக்கும் அவற்றைப் படியெடுப்பது பெரிய செலவுள்ள வேலையன்று. கைப்பேசி வைத்திருக்கும் இளையோர் சிலர் விடுமுறை நாட்களில் செய்து முடிக்கலாம். எண்பதைக் கடந்த முதியவர்களிடம் பழைய உபதேசியார்களைப் பற்றிக் கேட்டு எழுதிவைப்பதும் அதே வேகத்தில் நடக்க வேண்டும். நாமக்கல், மோகனூர் வட்டாரத்துப் பங்குப் பேரவைகளும் குருசேகரக் குழுக்களும் வரும் கல்லறைத் திருநாளுக்குள் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.